‘அங்கேயே இருக்க வேண்டியதுதானே?’

கொரோனா முதல் அலையின்போது வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “யார் இவர்களைப் போகச் சொன்னது?”, “முன்னாடியே கிளம்பி வந்திருக்கலாமே?”, “இப்போது வந்து நமக்கும் ஒட்டவைக்கவா?” என்று கேட்பது வழக்கமாகியிருந்தது. டீக்கடைகள் மூடிக் கிடந்ததால் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். இதை நம் ஊரின் தனிக் குணம் என்று சொல்வதற்கில்லை. மனித உரிமை பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கும் ஆஸ்திரேலியாவிலும் இதே கேள்விகள்தான், கொஞ்சம் கூடுதல் கடுமையோடு. இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தக் காலத்தின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்தக் கோபம் விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்தது தெரிகிறது. எல்லையில் அன்று உண்மையாகவே பற்றாக்குறையாக இருந்தவை தனிமைப்படுத்தும் அறைகளும், பரிசோதனை வசதியும், இவற்றை ஒழுங்காக நடத்தத் தெரிந்த ஆட்களும்தான். அவற்றைத் தயார் செய்ய வேண்டியவை அரசுகள். பயணியைத் திட்டுவதில் நாம் மும்முரமாக இருந்த வரை அரசுகளிடம் அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

‘முன்னாடியே வந்திருக்கலாமே’ என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும், தேதிகளைப் பார்க்கும் வரை. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், துருக்கி ஆகிய இடங்களிலிருந்து பயணிகளை ஏற்றி வரக் கூடாது என்று இந்தியா அறிவித்தது 2020 மார்ச் 16-ஆம் தேதி. 18-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இடையில் 17-ஆம் தேதி பிலிப்பைன்ஸ், மலேசியா, ஆப்கானிஸ்தான் நாடுகளுக்கும் அதே தடை, அதுவும் உடனடியாக. மணிலாவிலிருந்து கிளம்பி, கோலாலம்பூரில் விமானம் மாறுவதற்காகக் காத்திருந்த இந்திய மருத்துவ மாணவர்கள் அந்த அறிவிப்பால் விமான நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். ஊர் திரும்பச் சொன்ன அறிவுரையைக் கேட்டு நடந்தவர்கள் அவர்கள்! பிறகு டெல்லிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் தனி அனுமதி கொடுத்து விமானம் விட வேண்டியதாயிற்று. 22-ஆம் தேதி முதல் எந்தப் பன்னாட்டுப் பயணிகள் விமானமும் இங்கே இறங்க முடியாது என்றானது. முதல் தடை அறிவிப்புக்கும் முழு அடைப்புக்கும் நடுவே ஒரு வாரம்கூட இல்லை. கல்லூரி விடுதியைக் காலி செய்யவோ, முதலாளியிடம் கணக்குத் தீர்க்கவோ, பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கவோ அது போதாது. ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம், இருப்பவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்கிற நிலையை எடுத்தது. வந்தே பாரத் திட்டத்தின் முதல் மீட்பு விமானம் தரையிறங்கியது மே 7 அன்றுதான்.

‘யார் போகச் சொன்னது’ என்பதற்கு நம் கடற்கரையிலேயே பதில் இருக்கிறது. கன்னியாகுமரி, இராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டங்களின் மீனவர்கள் ஈரானியர்களின் படகுகளில் தொழில் செய்யப் போனவர்கள். பிப்ரவரிக் கடைசியில் ஈரானில் தொற்று வெடித்தபோது விமானப் போக்குவரத்து நின்றது. மார்ச்சில் யாத்திரைக்குப் போனவர்களும் மாணவர்களும் பகுதி பகுதியாக அழைத்துவரப்பட்டார்கள். மீனவர்களுக்கு முறை வரவில்லை. கைபேசியில் காணொளி எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்துசேர்ந்தது ஜூலை 1 அன்று. நான்கு மாதம்! வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர் என்றதும் பொதுப் பேச்சில் எழுந்த உருவம் கழுத்தில் கேமரா மாட்டிய சுற்றுலாப் பயணியுடையது. உண்மையில் பெரும்பாலோர் இந்த மீனவர்களைப் போன்றவர்கள், வளைகுடாவின் கட்டடத் தொழிலாளிகள், வீட்டு வேலைக்குப் போன பெண்கள். 2020-ல்கூட வெளிநாட்டு இந்தியர் ஊருக்கு அனுப்பிய பணம் 8,300 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. பணம் வருவது நமக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை, ஆள் வருவதுதான்.

வரிப்பணத்தில் இவர்களை அழைத்துவர வேண்டுமா என்று அடுத்த கேள்வி. வந்தே பாரத் திட்டத்தில் டிக்கெட்டுக்குப் பயணிதான் பணம் கட்டினார். வேலை போய், சம்பளப் பாக்கியும் வராத நிலையில் கட்டினார். ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் பேர் ஊர் திரும்பப் பெயர் பதிவு செய்திருந்தார்கள். மே 7 அன்று அபுதாபியிலிருந்து கொச்சிக்கும் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கும் வந்த இரண்டு விமானங்களில் இருந்தவர்கள் 400 பேர்கூட இல்லை. தடை எங்கே இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். வளைகுடாப் பணத்தால் வீடு கட்டிய கேரளமே ஜூன் மாதத்தில், தொற்று இல்லை என்ற சான்றிதழ் இருந்தால்தான் வரலாம் என்று முடிவெடுத்தது. சில நாடுகளில் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளவே வழியில்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும், கவச உடை அணிந்து வந்தால் போதும் என்று இறங்கிவந்தது. முதலில் கதவைச் சாத்துவது, பிறகு வழி இருக்கிறதா என்று யோசிப்பது. எல்லா அரசுகளிடமும் இதே வரிசையைத்தான் பார்த்தோம்.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் உண்டு. உள்நாட்டுத் தொழிலாளிகள் கைக்குழந்தையோடு நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தபோது, கடல் கடந்தவர்களுக்கு விமானமும் போர்க்கப்பலுமா என்று அன்று பலர் கேட்டார்கள். அந்தக் கோபத்தின் வேர் நியாயமானது. அவர்களுக்கான ஷ்ரமிக் ரயில்கள் மே 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. அதற்குள் பலர் நடந்தே பாதி நாட்டைக் கடந்திருந்தார்கள். ஆனால், பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்தவரும் இராமநாதபுரத்திலிருந்து குவைத்துக்குப் போனவரும் ஒரே காரணத்துக்காக ஊரை விட்டவர்கள், ஒரே சமயத்தில் ஒரே மாதிரி கைவிடப்பட்டவர்கள். ஒருவருக்கு நடந்த அநியாயத்தைக் காட்டி இன்னொருவருடைய உரிமையைக் குறைத்தால், கணக்கில் யாருக்கும் எதுவும் கூடுவதில்லை.

இந்த மனப்போக்கு அரசுக் கொள்கையாகவே மாறினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆஸ்திரேலியாவைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 2020 மார்ச்சில் எல்லையை மூடிய அந்த நாடு, திரும்பி வரும் தன் குடிமக்களை 14 நாள் ஓட்டலில் அடைத்துவைத்தது. அது சரியான முடிவு. ஜூலையில் ஒரு படி மேலே போய், வாரத்துக்குச் சுமார் 4,000 பேர்தான் நாட்டுக்குள் வரலாம் என்று உச்சவரம்பு வைத்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் ஓட்டல் கட்டணமாகத் தலைக்கு 3,000 ஆஸ்திரேலிய டாலர் வாங்கத் தொடங்கியது. ஒரு விமானத்தில் முப்பது பேர் அளவுக்கே ஏற்ற முடிந்ததால், விமான நிறுவனங்கள் அதிகக் கட்டணம் கொடுத்தவர்களை முதலில் ஏற்றின. சாதாரண வகுப்பு டிக்கெட் வாங்கியவர்கள் மீண்டும் மீண்டும் இறக்கிவிடப்பட்டார்கள். செப்டம்பரில் ஊர் திரும்பக் காத்திருந்தவர்கள் பட்டியலில் 26,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். அவர்களைக் கிறிஸ்துமஸுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று அன்றைய பிரதமர் ஸ்காட் மாரிசன் நம்பிக்கை தெரிவித்தார். ஆண்டு முடிவில் பட்டியல் 35,000-ஐத் தாண்டியிருந்தது. பழையவர்களில் பலர் வந்து சேர்ந்தார்கள், புதியவர்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2021 ஜனவரியில் அந்த உச்சவரம்பும் சில மாநிலங்களில் பாதியாகக் குறைந்தது. அதே மாதம் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸுக்காகச் சுமார் 1,200 பேர் தனி விமானங்களில் வந்து இறங்கினார்கள். அந்த அறைகள் வேறு கணக்கு என்று விளக்கம் சொன்னார்கள். வேறு கணக்கில் அறை உண்டாக்க முடியும் என்றால், குடிமக்களுக்காக அதை ஏன் உண்டாக்கவில்லை?

அப்படியானால் நோய் பயணிகளோடு வரவில்லையா? வந்தது. அதை மறுப்பது வீண். ஆனால் வந்த நோய் ஊருக்குள் எப்படிப் பரவியது என்று பார்க்க வேண்டும். மெல்போர்னின் இரண்டாம் அலைக்கு ஓட்டல் தனிமைப்படுத்தலில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று முன்னாள் நீதிபதி ஜெனிஃபர் கோட் தலைமையிலான விசாரணை கண்டது. 768 உயிர்கள் போயின. அறைக்குள் அடைபட்டிருந்த பயணி விதியை மீறி வெளியே ஓடியதால் நடந்ததல்ல அது. நோய்த்தடுப்பில் சரியான பயிற்சி இல்லாத தனியார் காவலர்களை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அவர்களை நிறுத்துவது என்று முடிவெடுத்தது யார் என்ற கேள்விக்கு, முதல்வர் முதல் அதிகாரிகள் வரை விசாரணையில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மாநில அரசின் மிகப் பெரிய முடிவுக்கு உரிமையாளரே இல்லை! பயணி கொண்டுவரும் ஆபத்து முன்கூட்டியே தெரிந்த ஆபத்து. தெரிந்த ஆபத்தைக் கையாளத்தான் தனிமைப்படுத்தல் என்ற ஏற்பாடே இருக்கிறது. அணையில் ஓட்டை விழுந்தால் ஆற்றைக் குற்றம் சொல்ல மாட்டோம்.

எல்லையைச் சாத்தும் அந்தப் போக்கின் உச்சம் 2021 ஏப்ரல் கடைசியில் வந்தது. இந்தியாவில் இரண்டாம் அலை உயிர்களை வாரிக்கொண்டிருந்தபோது, இங்கிருந்து வரும் விமானங்களை ஆஸ்திரேலியா நிறுத்தியது. மே 3 முதல், முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த எவரும், ஆஸ்திரேலியக் குடிமக்களே ஆனாலும், நாட்டுக்குள் வருவது குற்றம் என்று அறிவித்தது. தண்டனை ஐந்தாண்டு வரை சிறை அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். சொந்த வீட்டுக்குத் திரும்புவதைச் சிறைக் குற்றமாக்கிய அந்த அறிவிப்பால் இங்கே தவித்தவர்கள் சுமார் 9,000 பேர். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் தொற்று உச்சத்தில் இருந்தபோது இப்படியொரு தடை வந்ததில்லையே என்ற கேள்விக்கு, இந்தியாவிலிருந்து வந்தவர்களில் தொற்று விகிதம் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று அரசு பதில் சொன்னது. அந்த வாதத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது அறைகள் போதவில்லை என்ற ஒப்புதல்தான். எல்லையை மூடி ஓராண்டுக்கு மேலாகியும் ஏன் போதவில்லை என்பதற்கு அதில் பதில் இல்லை. நீதிமன்றத்தில் போட்ட வழக்கு மே 10 அன்று தள்ளுபடியானது. தடை 15-ஆம் தேதி காலாவதியாகிவிட்டதால் யாரும் சிறைக்குப் போகவில்லை.

ஆஸ்திரேலிய மக்கள் அதைத்தானே விரும்பினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். 2021-ல் அங்குள்ள லோவி ஆய்வு நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், வெளிநாட்டில் இருப்பவர்களை அழைத்துவர அரசு சரியான அளவுக்குச் செய்திருக்கிறது என்றவர்கள் பத்துக்கு ஆறு பேர். போதாது என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். ஆனால் வாக்களிக்க வர முடியாத தூரத்தில் நிற்பவருடைய உரிமையை, வீட்டுக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவுசெய்யலாமா? தன் நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை. உரிமை இருக்கிறது என்பதால் கட்டுப்பாடே கூடாது என்றாகாது. நியூசிலாந்து உயர் நீதிமன்றம் 2022-ல் இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. தனிமைப்படுத்தல் சரி என்றது. ஆனால் யாருக்கு எவ்வளவு அவசரம் என்று பார்க்காமல், பெரும்பாலும் குலுக்கல் முறையில் அறை ஒதுக்கியது குடிமக்களின் உரிமையை நியாயமின்றிக் கட்டுப்படுத்தியது என்றது. சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க வருபவரும், ஊர்ப்பக்கம் ஒருமுறை வந்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவரும் ஒரே குடத்தில் சீட்டுப் போடக் கூடாது அல்லவா?

வெறுப்புக்கு இன்னொரு விலையும் உண்டு, அதைப் பொதுச் சுகாதாரமே கொடுக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினோம், கையில் முத்திரை குத்தினோம். மீட்புக்குப் போய்வந்த ஏர் இந்தியா ஊழியர்களையே குடியிருப்புகளில் ஒதுக்கிவைத்த கதையும் நடந்தது. இப்படி அடையாளம் குத்தப்படும் என்று தெரிந்தால், காய்ச்சல் இருப்பதை யார் வாய்விட்டுச் சொல்வார்? உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து மீட்புப் பயணமாக வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிச் சரிந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். சுற்றுவட்டாரத்து மக்கள் நோய்க் கட்டுப்பாட்டையெல்லாம் பார்க்காமல் ஓடிவந்து, கொட்டும் மழையில் காயம்பட்டவர்களைத் தூக்கிக் கார்களில் ஏற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கண்டால் அஞ்சுவது மாற்ற முடியாத மனித இயல்பு என்று சொல்பவர்கள் அந்த இரவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்திரேலியா கடைசியில் அறைகள் கட்டத்தான் செய்தது. 2020 அக்டோபரிலேயே ஜேன் ஹால்டன் தலைமையிலான ஆய்வு, அவசரத்துக்கு உதவும் தேசியத் தனிமைப்படுத்தல் வசதி வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. மெல்போர்ன் அருகே மிக்கல்ஹாமில் அந்த மையம் திறக்கப்பட்டது 2022 பிப்ரவரியில். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 2021 நவம்பரில், தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் சிட்னியிலும் மெல்போர்னிலும் இறங்கி நேரே வீட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். நம்மிடம் அப்படித் தாமதமாகக் கட்டிய மையம்கூட இருப்பதாகத் தெரியவில்லை. அன்று கல்லூரி விடுதிகளையும் ஓட்டல்களையும் அவசரமாகப் பிடித்துச் சமாளித்தோம். சென்னை, திருச்சி, கோவை விமான நிலையங்களையும் தூத்துக்குடித் துறைமுகத்தையும் ஒட்டி, ஒரு வாரத்தில் எத்தனை பேரைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்ப முடியும்? டிக்கெட்டுக்கும் அறைக்கும் பணமில்லாதவருக்கு எந்த நிதியிலிருந்து கொடுப்பார்கள்? முதலில் யாரை ஏற்றுவது என்பதை யார், எந்த விதிப்படி முடிவுசெய்வார்கள்? இதற்கெல்லாம் எழுத்து வடிவில் ஒரு திட்டம் இருக்கிறதா என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டியது இப்போது, விமானங்கள் வழக்கம்போல் பறந்துகொண்டிருக்கும்போது.