படிக்கட்டுப் படம் காட்டி காசு பிடுங்காதீங்கப்பா

இசைத்தட்டு வியாபாரத்துல ஒரு படம் சுத்திக்கிட்டே இருக்கு. மேலே வழவழன்னு ஒரு அலை, அனலாக். கீழே அதே அலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு, டிஜிட்டல். "பாதி பாட்டு காணாமப் போயிடுது சார்!" நான் பி.காம் தான் மக்கா. ஆனா இது புளுகுன்னு சொல்ல இன்ஜினியரிங் சீட்டு வேண்டியதில்லை.

சிடியில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். (ஏன் இந்த விநோத எண்? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்தார்கள். 245 × 60 × 3, பெருக்கிப் பாருங்கள்.) அவை வெறும் புள்ளிகள், படிக்கட்டு அல்ல. 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தப் புள்ளிகள் அத்தனையையும் தொட்டுப் போகும் அலை ஒன்றே ஒன்றுதான். 1928-ல் நைக்விஸ்ட் அடிப்படை போட்டார், 1949-ல் ஷானன் தேற்றமாகவே எழுதிவிட்டார். பிளேயரின் ஃபில்டர் அந்த ஒரே அலையைத்தான் திருப்பி வரைகிறது. நம் காதோ 20,000-த்தோடு சரி.

இழப்பே இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு அளவையும் 65,536 மட்டங்களில் பக்கத்தில் இருப்பதற்கு ரவுண்ட் பண்ணுகிறார்கள், பில்லில் பைசாவை ரவுண்ட் பண்ணுவது போல. ஒழுங்காகச் செய்தால் அந்தப் பிழை மெல்லிய இரைச்சலாக, உச்ச ஒலிக்கு 90 டெசிபலுக்கும் மேல் கீழே கிடக்கும். தட்டில் முள் உரசும் சத்தம் அதைவிட எவ்வளவோ அதிகம்!

"காது உள்ளவனுக்குத் தெரியும்" என்பார்கள். 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் சோதனை முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலியை நேரடியாகவும், சிடி அளவுக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டினாலும் இதே கதைதான் :-)

இன்னொரு கூத்து. மொபைல் ஃபிடலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் தட்டுகளை முழுக்க அனலாக் என்று நம்பி ரசிகர்கள் கொட்டிக் கொடுத்தார்கள். பல வருஷமாக நடுவில் டிஜிட்டல் நகல் இருந்தது 2022-ல் வெளியே வந்தது. சிடியைவிட உயர்ந்த டிஜிட்டல்தான், ஒத்துக்கறேன். ஆனா டிஜிட்டல்னாலே காது கூசும்னவங்க ஒருத்தருக்கும் அத்தனை வருஷம் கூசலையே! விஷயம் தெரிஞ்ச பிறகு கோர்ட்டுக்குப் போனாங்க, 2.5 கோடி டாலர் அளவுக்கு சமரசம்.

தட்டு பிடிக்குமா, தாராளமா வாங்குங்க. பெரிய அட்டைப்படம், முள் இறங்குற அழகு, எல்லாம் காசு பெறும். கடைக்கார அண்ணே, அந்தப் படத்தை மட்டும் கழட்டிடுங்க.