அச்சம் யாரிடம் பேச வேண்டும்?

மழைக்காலம் ஓய்ந்ததும் மும்பைப் பள்ளிகளிலிருந்தும் குடியிருப்புச் சங்கங்களிலிருந்தும் சுற்றுலா அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். லோனாவாளா, கர்ஜத் பக்கத்துச் சாகசப் பூங்காக்களைப் பற்றிய அறிவிப்புகளில் இப்போது அடிக்கடி காணப்படும் சொல் ‘ரோப்ஸ் கோர்ஸ்’. மரத்துக்கு மரம் பலகை, வலை, கம்பிவடம் ஆகியவற்றால் இணைத்து, தரைக்கு வெகு உயரத்தில் நடந்து கடக்குமாறு அமைக்கப்பட்ட கயிற்றுப் பாதை அது. அறிவிப்போடு ஓர் ஒப்புதல் படிவமும் வரும். ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு தங்களுடையதன்று என்னும் பொருள்பட ஒரு வரி அதில் இருக்கும். பெற்றோர் அதன் கீழே கையெழுத்திடுவர். பிறகு பாதையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி, மேலே நடக்கும் பிள்ளையிடம் ஓயாது பேசிக்கொண்டிருப்பர்.

இதைப் பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் ‘அனுப்பலாமா, கூடாதா’ என்ற வினாவோடு முடிந்துவிடுகின்றன. அஞ்சும் பெற்றோரை ஒரு சாரார் கோழை என்பர். மறுசாரார் பொறுப்புள்ளவர் என்பர். என் கருத்து வேறு. பெற்றோரின் அச்சம் நியாயமானது, தேவையானதும்கூட. ஆனால் அது தவறான செவியை நோக்கிப் பேசுகிறது. கயிற்றையும் கொக்கியையும் நடத்துநரையும் அரசையும் நோக்கிப் பேச வேண்டிய அச்சம், அவை எவற்றையும் மாற்றும் ஆற்றலற்ற குழந்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறது. டிராம்பேயிலிருந்து பார்க்கும்போது இத்தவறு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

முதலில் அந்தப் பாதையின் பொறிமுறையைப் பார்ப்போம். உயரத் தடைகளைக் கொண்டு உடலையும் மனத்தையும் பயிற்றும் முறைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவம் கொடுத்தவர்களுள் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் முதன்மையானவர். 1941இல் வேல்ஸின் அபர்டவி நகரில் கர்ட் ஹான் நிறுவிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி அம்மரபை இளைஞர் கல்விக்குள் கொண்டுவந்தது. இன்றைய பூங்காக்களில் ஏறுபவரின் இடுப்பையும் தொடைகளையும் ஒரு காப்புவார் சுற்றியிருக்கும். அதிலிருந்து இரு குறுங்கயிறுகள் கிளைத்து, ஒவ்வொன்றும் ஒரு கொக்கியில் முடியும். ஒரு வடத்திலிருந்து அடுத்ததற்கு மாறும்போது ஒரு கொக்கியை மாட்டிய பின்னரே மற்றதைக் கழற்ற வேண்டும். எந்நொடியிலும் ஒன்றேனும் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே முழு அமைப்பின் உயிர். ஒன்று பூட்டாதவரை மற்றது திறக்காத இணைக்கொக்கிகளும், தொடக்கம் முதல் இறுதிவரை கழற்றவே தேவையற்ற தொடர்வட அமைப்புகளும் இப்போது உள்ளன. ஐரோப்பாவில் இதற்கெனவே ஈஎன் 15567 என்ற தரநெறி இருக்கிறது. அதன் ஒரு பகுதி கட்டுமானத்தையும் மறுபகுதி இயக்கத்தையும் மேற்பார்வையையும் வரையறுக்கிறது.

ஆக, இப்பாதை ஒரு விந்தையான ஏற்பாடு: உணரப்படும் ஆபத்தையும் உண்மையான ஆபத்தையும் அது பிரித்துவிடுகிறது. குழந்தையின் கண் காண்பது பள்ளத்தை. உடலைத் தாங்குவதோ வடம். பலகையில் கால் தவறினால் குழந்தை சற்றே தொங்கும், விழாது. உண்மையான ஆபத்து குழந்தையின் காலடியில் இல்லை. தேய்ந்த கயிற்றிலும், அளவு பொருந்தாத வாரிலும், கொக்கி மாற்றுவதைக் கவனிக்காத பணியாளரிடத்திலுமே இருக்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் குழந்தையால் சரிசெய்ய இயலுமா?

இப்போது கீழே நிற்கும் பெற்றோரின் மொழிக்கு வருவோம். அங்கே கேட்பவை பெரும்பாலும் மூன்று தொடர்கள்: ‘பார்த்து!’, ‘விழுந்துடாதே!’, ‘விழுந்துடுவே!’. மொழியியல் பயின்றோர்க்கு இம்மூன்றும் சுவையானவை.

‘பார்த்து’ என்பது வினையெச்சம், முற்று இல்லாதது. எதைப் பார்த்து, என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதேயில்லை. ‘விழுந்துடாதே’ எதிர்மறை ஏவல். ஆனால் விழுதல் விழுபவரின் விருப்பத்துக்குட்பட்ட செயலன்று. தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றைச் செய்யாதே என்று ஏவப்பட்ட குழந்தை அதை எவ்வாறு நிறைவேற்றும்? ‘விழுந்துடுவே’ வடிவத்தில் எதிர்காலக் கூற்று, பயன்பாட்டில் எச்சரிக்கை. சாலமன் தீவுகளின் டோகாபாகிட்டா மொழியை ஆராய்ந்த ஃபிரான்டிசெக் லிக்டன்பெர்க், ‘நிகழக்கூடும்’ என்ற கணிப்பையும் ‘நிகழக்கூடாது’ என்ற விழைவையும் ஒருங்கே சுமக்கும் இலக்கணக் கூறு அங்கு உள்ளதை 1995இல் விரிவாக விளக்கினார். தமிழில் அதற்கெனத் தனி உருபு இல்லை. எதிர்கால வினைமுற்றே குரலின் துணையோடு அவ்வேலையைச் செய்கிறது. பேசுபவர் நினைப்பது ‘நிகழக்கூடாது’ என்பதை. சொல்வடிவமோ ‘நிகழும்’ என்கிறது. உயரத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் குழந்தை இவற்றுள் எதைப் பற்றிக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

சொல்லுக்கு முன்பே முகம் பேசிவிடுகிறது என்பதும் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைக் கூறுகிறது. உயரம் அப்பட்டியலில் இல்லை. நமக்கு இங்கே பயன்படுவது ‘மெய்ப்பாடு’ என்ற கலைச்சொல்தான். உள்ளத்தின் உணர்வு பிறர் காணுமாறு உடலில் வெளிப்படுவதே அது. அதாவது காண்பவர் ஒருவர் உண்டு என்பது அக்கருத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அக்காண்பவர் குழந்தையாக இருக்கும்போது என்ன நேர்கிறது என்பதை ஜேம்ஸ் சோர்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் வெளியிட்ட சோதனை காட்டியது. எலினார் கிப்சனும் ரிச்சர்ட் வாக்கும் அறிமுகப்படுத்திய ‘காட்சிப் பள்ளம்’ என்ற கண்ணாடி மேடையை அவர்கள் பயன்படுத்தினர். பள்ளத்தின் ஆழத்தை ஏறத்தாழ 30 செ.மீ. என, ஆபத்தா இல்லையா என்ற ஐயத்தை எழுப்பும் அளவில் வைத்தனர். ஒரு வயதுக் குழந்தைகள் விளிம்புக்கு வந்ததும் எதிரே நின்ற தாயின் முகத்தைப் பார்த்தன. தாய் மகிழ்முகம் காட்டியபோது 19 குழந்தைகளுள் 14 கடந்து சென்றன. அச்சம் காட்டியபோது 17 குழந்தைகளுள் ஒன்றுகூடக் கடக்கவில்லை. கண்ணாடியின் உறுதி இரு முறையும் ஒன்றே. மாறியது முகம் மட்டுமே.

இதிலிருந்து ‘ஆபத்தைப் பொருட்படுத்தாமல் புன்னகையுங்கள்’ என்ற முடிவுக்கு நான் வரவில்லை. கண்ணாடி உறுதியானது என்பதை அத்தாய்மார் முன்பே அறிந்திருந்தனர். சரிபார்த்தல் முதலில், புன்னகை அதன் பிறகு. பெற்றோரின் அச்சம் ஏறுவதற்கு முன்பே தன் வேலையை முடித்துவிட வேண்டும். கடைசியாகக் கயிறுகளைப் பரிசோதித்தவர் யார், எப்போது? பதிவேட்டைக் காட்ட முடியுமா? என் குழந்தையின் எடைக்கும் உயரத்துக்கும் இந்த வார் பொருந்துமா? கொக்கி மாற்றத்தைத் தாழ்வான பாதையில் பழக்கிய பிறகுதான் மேலே அனுப்புகிறீர்களா? நடுவில் குழந்தை உறைந்து நின்றுவிட்டால் இறக்கும் முறை என்ன? நடத்துநருக்கு எரிச்சலூட்டும் வினாக்கள்தாம் இவை. எரிச்சலே விடையாக வந்தால் படிவத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை. சாகசச் சுற்றுலா நடத்துநர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என மகாராஷ்டிர அரசு 2021இல் கொள்கை வகுத்துள்ளதால், பதிவைக் கேட்பது பெற்றோரின் உரிமையும் ஆகும்.

ஏறிய பிறகு பேச வேண்டியது வேறு மொழி: ‘வலது காலைப் பலகையின் நடுவில் வை’, ‘முதலில் அந்தக் கொக்கியை மாட்டு’. இவை குழந்தையால் நிறைவேற்றக்கூடிய ஏவல்கள். ‘இறங்குகிறேன்’ என்று குழந்தை சொன்னால் அச்சொல்லையும் மதிக்க வேண்டும். அஞ்சும் குழந்தையை வெட்கப்படுத்தி ஏற்றுவதும், அஞ்சாத குழந்தையைக் கத்தி இறக்குவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

இதுவரை சொன்னது நுழைவுக் கட்டணம் செலுத்தக்கூடிய பெற்றோருக்கு. டிராம்பேயில் என்ன நிலை? இங்கே மலை உண்டு. அதன் அடிவாரம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் காவலுக்குள் இருக்கிறது. மரங்கள் அடர்ந்த அணுசக்தி நகர் அங்குப் பணிபுரிவோரின் குடியிருப்பு. தமிழர் பெருமளவில் வாழும் சீத்தா கேம்ப்போ, 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டு அங்கு வாழ்ந்த மக்கள் சதுப்பு நிலத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டதால் உருவானது. அரைநூற்றாண்டில் வீடுகள் பக்கவாட்டில் விரிய இடமின்றி மேல்நோக்கி வளர்ந்தன. மேல்வீட்டுக்குச் செல்ல வழி, சுவரையொட்டி ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் ஓர் இரும்பேணி. பல ஏணிகளுக்குக் கைப்பிடியும் கிடையாது. மழையில் வழுக்கும் அப்படிகளில், பள்ளிப்பையைச் சுமந்தும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியும் பிள்ளைகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். வாரும் இல்லை, வடமும் இல்லை. விழுந்தால் கீழே சிமென்ட் தரை.

அந்த ஏணியடியில் நின்று யாரும் கத்துவதில்லை. அங்குள்ள தாய்மார் அஞ்சாதவர்கள் என்பதால் அன்று. நாளொன்றுக்குப் பலமுறை நிகழும் ஒன்றை அஞ்சிக்கொண்டே வாழ இயலாது என்பதால். உணரப்படும் ஆபத்தும் உண்மை ஆபத்தும் இங்கும் பிரிந்துதான் இருக்கின்றன, ஆனால் தலைகீழாக. பூங்காவில் அச்சம் மிகுதி, ஆபத்து குறைவு. ஏணியில் ஆபத்து மிகுதி, அச்சம் மரத்துப்போய்விட்டது. அச்சம் ஆபத்தின் அளவுக்கேற்ப எழுவதில்லை, அதைப் பேசுவதற்கான ஓய்வு யாருக்கு உண்டோ அவர்களிடமே ஒலிக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஏணி ஏறும் இதே நகரத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வேறோர் உயரத்திலும் ஏற்றப்படுகின்றனர். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் தஹி ஹண்டி. மனிதர்மேல் மனிதர் நின்று கோபுரம் அமைத்துத் தயிர்ப்பானையை உடைக்கும் அவ்விழாவில், மேல் அடுக்கின் எடையைக் கீழடுக்குகள் சுமக்க வேண்டியிருப்பதால் உச்சிக்கு எடை குறைந்தவரே தேவை. எடை குறைந்தவர் பெரும்பாலும் சிறுவரே. குழந்தையை உச்சியில் வைப்பது இவ்வாறு அமைப்பின் இயற்பியலிலேயே பொதிந்திருக்கிறது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2014இல் 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடையும் 20 அடி உயர வரம்பும் விதித்தது. சில நாள்களிலேயே உச்சநீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2016இல் அதே வரம்புகளைத் தளர்த்த மறுத்தது. 2017இல் உயர வரம்பு நீங்கியது. 14 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை என்ற அரசின் உறுதிமொழி எஞ்சியது. 2022இல் மாநில அரசு இதற்குச் சாகச விளையாட்டு என்ற தகுதியை அறிவித்தது. 2025 ஆகஸ்டில் தகிசரில் விழாவுக்கு முந்தைய பயிற்சியின்போது கோபுரத்திலிருந்து விழுந்து 11 வயதுச் சிறுவன் இறந்தான். விழா நாளன்று, டிராம்பேயை அடுத்த மான்குர்தில் பானை கட்ட முயன்ற ஒருவர் விழுந்து இறந்தார்.

‘சாகச விளையாட்டு’ என்ற ஒரே பெயரின் கீழ் இரு குழந்தைகள் நிற்கின்றனர். ஒருத்தியின் இடுப்பில் இரு கொக்கிகள். மற்றவன் காலடியில் ஒருவரின் தோள்பட்டை. நான் விழாவுக்கு எதிரி அல்லேன். குழந்தைக்கு உயரம் வேண்டாம் என்பவனும் அல்லேன். நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007இல் குழந்தைகளின் துணிவிளையாட்டை ஆறு வகைகளாகப் பிரித்தபோது, முதலில் வைத்தது உயரத்தைத்தான். நியூசிலாந்தின் டனிடின் நகரத் தொடராய்வு, 5 முதல் 9 வயதுக்குள் விழுந்து காயமுற்ற சிறுவரிடையே 18 வயதில் உயர அச்சம் குறைவாகவே இருந்ததைக் கண்டது. இயல்பிலேயே அஞ்சாதவர்கள் மிகுதியாக ஏறி மிகுதியாக விழுந்திருக்கலாம் என்ற எதிர்விளக்கமும் அதற்கு உண்டு. எவ்வாறாயினும், உயரத்தை மறைப்பதால் மட்டும் அச்சம் நீங்கிவிடுவதில்லை.

பணமும் மின்னும் கருவிகளும் இல்லாமலே உயரத்தைப் பாதுகாப்பாகக் கற்பிக்கும் முறை இந்நகரிலேயே இருக்கிறது. தாதர் சிவாஜி பூங்காவில் 1925இல் தொடங்கப்பட்ட சமர்த் வியாயாம மந்திரில் சிறுவர் சிறுமியர் கயிற்று மல்லகம்பம் பழகுகின்றனர். தமிழ்நாட்டில் நாம் மல்லர் கம்பம் என்போம். தொங்கும் கயிற்றைக் கால்விரல்களின் இடையில் பற்றி ஏறும் அக்கலையில் காப்புவார் கிடையாது. மெத்தையும், தாழ்விலிருந்து படிப்படியாக உயர்த்தும் பாடமுறையும், அருகில் நிற்கும் பயிற்றுநரின் கண்ணும் அந்த இடத்தை நிரப்புகின்றன. அங்கே பல்லாண்டுகள் பயிற்றுவித்த உதய் தேஷ்பாண்டேவுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஒரு கயிறு, ஒரு மெத்தை, பயிற்சி பெற்ற ஒருவர்: டிராம்பேயின் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு இது எட்டாத செலவன்று.

எனவே கோரிக்கைகள் எளியவை. மேல்வீட்டு ஏணிகளுக்குக் கைப்பிடியும் வழுக்காத படியும் அமைக்க மாநகராட்சி உதவ வேண்டும். தஹி ஹண்டியின் வயது வரம்பை விழா நாளில் மட்டுமன்றி, காவலர் இல்லாத பயிற்சி வாரங்களிலும் கண்காணிக்க வேண்டும். பள்ளிகளில் ஏறுவதற்கான இடமும் ஆசிரியரும் வேண்டும்.

ஆய்வு நண்பர்களுக்கும் ஒரு சொல். டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் சீத்தா கேம்ப்பிலிருந்து தொலைவில் இல்லை. பூங்காவிலும் ஏணியடியிலும் கோபுரப் பயிற்சியிலும் பெற்றோர் என்ன சொல்கின்றனர், எங்கே மௌனம் காக்கின்றனர் என்பதைப் பதிவு செய்வது முதுகலை ஆய்வேடு ஒன்றுக்குள் அடங்கும் பணி. அடுத்த ஆகஸ்டுக்கு முன் யாரேனும் தொடங்க விரும்பினால், தமிழ்த் தரவுகளைத் திரட்டவும் எழுத்தாக்கவும் நான் உடன் வருகிறேன்.