மாற்றுறுப்புப் பெற்றோரும் இன்புளுயென்ஸாவும்

மூளைச் சாவடைந்தவரின் உறவினர் தீராத் துக்கத்தினிடையே மனமிசைந்து அளிக்கும் உறுப்புகளைக் கொண்டு பிறர் உயிரைக் காக்கும் ஏற்பாடு, தமிழ்நாட்டில் 2008ம் வருஷத்தில் சர்க்கார் உத்தரவுகளால் ஒழுங்கு பெற்றது. அங்ஙனம் உறுப்பளித்தவரது இறுதிக் கிரியை சர்க்கார் மரியாதையுடன் நடைபெறுமென்று 2023ம் வருஷம் செப்டம்பரில் முதல் மந்திரி அறிவித்தார். இச்சிகிச்சை ஏழைகளுக்கும் கிட்டும்படி முதல் மந்திரியின் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் பெருந்தொகை வழங்கி வருகிறது. இவை யாவும் பாராட்டத்தக்கனவே. இத்தனை பிரயாசையுடன் மீட்ட உயிர்களை, வருஷந்தோறும் வந்து போகும் ஒரு ஜுரத்தின் வாயில் காவலின்றி விட்டுவிடுகிறோமே, அதைக் குறித்தே இன்று எழுதப் புகுந்தோம்.

இன்புளுயென்ஸா என்றால் ஜலதோஷத்தின் தமையன் என்று எண்ணுவோர் பலர். 1918ம் வருஷத்தில் பம்பாய்த் துறைமுகத்தின் வழியே புகுந்து இத்தேசத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரை மாய்த்தது அதுதான் என்பதை அவர்கள் மறந்தார்கள். எனினும் திடகாத்திரமுள்ளவன் பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்து விடுகிறான். மாற்றுறுப்புப் பெற்றவனது நிலைமை வேறு.

அன்னியமான எப்பொருள் உட்புகினும் எதிர்த்து அழிக்க முயல்வது தேகத்தின் இயற்கை. பிறர் அளித்த சிறுநீரகமும் தேகத்துக்கு அன்னியமே. 1954ம் வருஷம் டிசம்பரில் பாஸ்டன் நகரில் முதன்முதல் வெற்றியுற்ற சிறுநீரக மாற்று, உருவொத்த இரட்டைச் சகோதரரிடையே நடந்ததால் இவ்விரோதம் தலையெடுக்கவில்லை. மற்றவர்களுக்கோ டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசொலோன் முதலிய மருந்துகளால் தேகத்தின் காவற்படையை அடக்கியே வைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆயுள் பரியந்தம். காவலாளியின் கையைக் கட்டிவிட்டால் நாம் அழைத்து வந்த விருந்தாளி மட்டுமா உள்ளே வருவான்? கள்வனும் வருவான்.

வருகிற கள்வன் வேஷமும் மாறி வருகிறான். சிலருக்கு ஜுரமே காணாது. இருமலும் அயர்ச்சியும் மட்டும் தோன்றும். மற்றவர்களிடம் சில நாட்களில் அடங்கும் கிருமி இவர்களிடம் வாரக்கணக்கில் தங்கிப் பிறருக்கும் பரவும். நியுமோனியா எளிதில் தொடரும். 2009ம் வருஷத்திய பன்றி ஜுரத்தின்போது மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் பல சேர்ந்து மாற்றுறுப்புப் பெற்ற 237 நோயாளரைக் கவனித்தன. அவர்களில் 73 பேருக்கு நியுமோனியா கண்டது. 10 பேர் மாண்டனர். 48 மணி நேரத்துக்குள் கிருமிக்கெதிரான மருந்து பெற்றவர்களில் 100க்கு 8 பேரே தீவிர சிகிச்சைப் பகுதிக்குப் போக நேர்ந்தது. தாமதித்துப் பெற்றவர்களில் 100க்கு 22 பேர். பரிசோதனை முடிவு வரட்டுமென்று காத்திராமல் ஒஸெல்டாமிவிர் மருந்தைத் தொடங்குவது இவர்கள் விஷயத்தில் எவ்வளவு அவசியமென்பதற்கு இக்கணக்கே போதும். இரண்டு நாள் கழிந்து வந்தவருக்கும் அம்மருந்தை மறுக்கலாகாது.

இனி ஊசி விஷயம். காவற்படை அடங்கியிருப்பதால் தடுப்பூசியும் இவர்களிடம் முழுப் பலன் தருவதில்லை என்பது மெய். அதனால் ஊசியே வீண் என்று சிலர் வாதிப்பது நியாயமன்று. உறுப்போ எலும்பு மஜ்ஜையோ மாற்றப் பெற்ற பின் இன்புளுயென்ஸா கண்ட 616 பேரைப் பற்றி 2018ல் வெளியான ஆராய்ச்சியில், அவ்வருஷத்து ஊசி போட்டுக் கொண்டிருந்தோருக்கு நியுமோனியாவும் தீவிர சிகிச்சையின் தேவையும் வெகுவாய்க் குறைந்திருந்தன. நோயைத் தடுக்க முடியாத இடத்திலும் அதன் வேகத்தை ஊசி தணிக்கிறது. ஊசியினால் தேகம் மாற்றுறுப்பை நிராகரித்துவிடும் என்ற பயத்துக்கு ஆராய்ச்சிகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மூக்கில் விடும் உயிர்க்கிருமி மருந்து மட்டும் இவர்களுக்கு ஆகாது.

எப்போது போடுவது என்பதிலும் நாம் பிறரைப் பார்த்து நடக்கிறோம். இன்புளுயென்ஸாவைக் குளிர்கால நோயென்று மேல்நாட்டார் சொல்வது அவர்கள் தேசத்துக்குப் பொருந்தும். நமது நாட்டிலோ ஸ்ரீநகரில் குளிர்காலத்திலும், வடக்கே பல இடங்களில் தென்மேற்குப் பருவமழையிலும், சென்னை, வேலூர்ப் பக்கங்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களின் மழையிலும் அது உச்சமடைகிறது. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் இங்கே ஊசி போட்டாக வேண்டும். 1971ல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் சிறுநீரக மாற்றை வெற்றியுடன் நடத்திக் காட்டிய தமிழ்நாட்டுக்குத் தன் மழைக்காலத்தை அனுசரித்து ஒரு நாள் குறிக்கத் தெரியாதா?

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்திய சர்க்கார் இலவசமாய் நடத்தும் தேசிய ஊசித் திட்டத்தில் இன்புளுயென்ஸாவுக்கு இடமில்லை. அபாயத்துக்கு ஆளாகக் கூடியவர்கள் போட்டுக் கொள்வது நலமென்று யோசனை மட்டும் உண்டு. யோசனை இலவசம், ஊசி விலைக்கு! அவ்விலையோ 1,000 ரூபாய்க்கு மேல். மாதந்தோறும் மருந்துக்கும் பரிசோதனைக்கும் பஸ் கட்டணத்துக்கும் அல்லற்படும் நெசவாளியும் குடியானவனும் அதை ஒத்திப் போடுவதில் என்ன ஆச்சரியம்?

2023ம் வருஷத்தில் இந்தியா முழுவதிலும் நடந்த உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் 18,000க்குச் சற்று மேல். அத்தனை பேருக்கும் ஊசியொன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் கணக்கிட்டாலும் 4 கோடி ரூபாயை எட்டவில்லை. முந்திய வருஷங்களில் சிகிச்சை பெற்றோரைச் சேர்த்தால் சில மடங்கு ஏறும், ஏறட்டும். ஒரு ராஜ்யத்தின் பங்கு அதில் எவ்வளவு? மொத்தமாக வாங்கும் சர்க்காருக்கு விலையும் இறங்கும். நிதி மந்திரிகள் இதைப் பணமில்லை என்று தட்டிக் கழிக்க முடியாது.

நாம் கேட்பது இதுதான். உறுப்புக்காகப் பெயர் பதிந்து காத்திருப்போருக்கு சிகிச்சைக்கு முன்னரே முதலூசி போட வேண்டும். பின்னர் வருஷந்தோறும் செப்டம்பரில், மாதாந்தர மருந்து வாங்க வரும் ஆஸ்பத்திரியிலேயே, வேறு சீட்டு எதுவும் கேளாமல் போட வேண்டும். அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்போருக்கும் அன்றைக்கே போட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஜுரத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். அவர்களைத் தொட்டுச் சிகிச்சை செய்யும் டாக்டர்களும் நர்ஸுகளும் சிப்பந்திகளும் தாங்கள் போட்டுக் கொண்ட பிறகே மழைக்கால வேலையில் அமர வேண்டும். சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த சுகாதார மானியக் கோரிக்கையின்போது இதைக் கேள்வியாக எழுப்புவார்களா? தொகுதிகளில் வேலை செய்யும் நண்பர்கள் அவர்களுக்கு இப்போதே எழுதலாம்.