முதலில் நீர், பின்பே மின்சாரம்

சென்ற மார்கழி விடுமுறையில் என் தமக்கையார் மகனுடன் சில வாரங்கள் தங்கும்பொருட்டு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்றிருந்தேன். மருமகன் குடியிருப்பது 'நடமாடும் வீடு' என வழங்கும் ஒரு வீட்டில். பெயரைக் கேட்டதும் அது தெருவெல்லாம் ஓடித் திரிவதென வாசகர்கள் எண்ணிவிடலாகாது. தொழிற்சாலையிலே கட்டி, உருக்குச் சட்டத்தின்மேல் ஏற்றி, சில்லுகள் பூட்டி இழுத்து வந்து ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதன்பின் அது பெரும்பாலும் அசைவதேயில்லை. 1976ஆம் ஆண்டு யூன் 15ஆந் திகதி முதல் இவ்வீடுகளுக்கென நாடு முழுவதற்கும் பொதுவான கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. கையில் பெரும்பணம் இல்லாதோர்க்கு அந்நாட்டில் சொந்தக் கூரை என்பது பலவேளைகளில் இத்தகைய வீடே.

நான் சென்ற மூன்றாம் நாள், வெந்நீர்த் தாங்கி நிற்கும் சிற்றறையின் முன்பாக நடக்கையில் நிலம் என் காலடியில் மெத்தையைப் போல அமிழ்ந்தது. பழைய வீடுகள் பலவற்றின் தரை, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த பலகையால் ஆனது. நீர் பட்டால் அது ஊதிப் பொருமி உதிர்ந்துபோகும். தாங்கியின் அடி துருப்பிடித்து, எவரும் அறியாவண்ணம் பல நாட்களாகக் கசிந்திருக்கிறது. தாங்கி கொள்ளும் நீர் 40 அமெரிக்கக் கலன். நீரின் பாரம் மாத்திரம் 150 கிலோ! இன்னும் சில வாரம் சென்றிருந்தால் தாங்கியும் தரையும் ஒன்றாகவே கீழே இறங்கியிருக்கும்.

தொழிலாளர் கேட்ட கூலி மருமகனின் இயலுமைக்கு அப்பாற்பட்டது. அடுத்த வீட்டில் வாழும் முதியவர் ஒருவர், வாழ்நாளெல்லாம் குழாய் வேலை செய்து ஓய்வுபெற்றவர், உதவ முன்வந்தார். ஆயினும் உள்ளூராட்சி அலுவலகத்தில் அனுமதி பெற்ற பின்னரே கருவியைத் தொடுவேன் என்றார். புதிய தாங்கியை வாங்கும்போது, அது இவ்வகை வீடுகளுக்கு ஏற்றதென அதன் முகப்பில் எழுதியிருக்கிறதா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்தார்.

வேலை தொடங்கிற்று. முதலாவதாக மின்சாரத்தைத் துண்டித்தார். அங்கே இத்தாங்கிக்கு 240 வோல்ற்று மின்சாரம் இரண்டு உயிர்க்கம்பிகள் வழியாக வருகிறது. ஆகையால் இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் இரட்டைப் பிறேக்கரை அணைத்தார். அணைத்தது போதாதென்று, சோதனைக் கருவியை வைத்துக் கம்பிகளில் மின்சாரம் இல்லையென உறுதிசெய்தார். அடுத்துக் குளிர்நீர் வழியை அடைத்து, வீட்டினுள் ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, றப்பர்க் குழாய் பூட்டித் தாங்கியை வெளியே வடியவிட்டார். காற்று உட்புக வழியில்லாவிடின் நீர் எளிதில் இறங்காது என்பது இதன் காரணம்.

பழைய தாங்கி வெளியேறியதும் உக்கிய பலகையை வெட்டி நீக்கி, கீழேயுள்ள சட்டங்களைச் சோதித்து, தடித்த ஒட்டுப்பலகையால் புதுத்தளம் அமைத்தோம். அதன்மேல் ஒரு வடிதட்டு. தட்டின்மேல் புதிய தாங்கி. அதன் பாதுகாப்பு வால்வுக்கு ஒரு குழாய் பூட்டி, கீழ்நோக்கிய சரிவுடன் வீட்டுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியுமிடத்தில் கொண்டுபோய் விட்டார். வெப்பமோ அமுக்கமோ எல்லை கடந்தால் அவ்வால்வு தானே திறந்து ஆபத்தைத் தணிக்கும். அக்குழாயின் வாயை ஒருபோதும் அடைத்தலாகாது. அடைத்தால் தாங்கியே வெடிகுண்டாகலாம். கம்பிகளையும், அவற்றோடு நிலக்கம்பியையும் அவரே பூட்டி முடித்தார்.

இவ்வளவும் ஆகும்வரை நான் சும்மா இருந்தேனல்லேன். கடதாசியில் கணக்குப் போட்டேன். இத்தாங்கியில் இரண்டு சூடாக்கிகள் உள. அவை ஒருங்கே வேலை செய்வதில்லை. எனவே 4500 வாற்று வலுவைக்கொண்டு 40 கலன் நீரை 20 பாகையிலிருந்து 49 பாகை செல்சியசுக்கு உயர்த்த ஏறக்குறைய 70 நிமிடம் செல்லும் என்று கண்டு, விடையின் கீழ் இரண்டு கோடும் இழுத்தேன். முதியவர் கருவிகளைக் கழுவ வெளியே சென்றிருந்தார்.

"மாமா, சுவிச்சைப் போடட்டோ?" என்றான் மருமகன்.

"போடு, தம்பி" என்றேன், பட்டதாரியாகிய நான்.

அவன் கை பிறேக்கரை அணுகிய கணத்தில் வாசலில் முதியவரின் குரல் இடிபோல ஒலித்தது: "நிறுத்து! உள்ளே நீர் இருக்கிறதா?"

இல்லை! குளிர்நீர் வழியை எவரும் இன்னும் திறக்கவில்லை. வெறுந்தாங்கியில் மின்சாரம் பாய்ந்தால் சூடாக்கி தன் வெப்பத்தைக் கொடுக்க நீரின்றி, ஒரு நிமிடம் ஆகுமுன்பே எரிந்துபோகக் கூடும். முதியவர் என்னைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீர்வழியைத் திறந்தார். வெந்நீர்க் குழாய் முதலில் காற்றைச் சீறிற்று. பின்பு துப்பித் துப்பி ஓடிற்று. ஈற்றில் தடையின்றி ஒழுகிற்று. அதன் பின்னரும் பூட்டுகளைக் கையால் தடவிக் கசிவில்லையெனக் கண்டே, "இப்போது போடு" என்றார்.

என் கணக்குப் பிழையானதன்று. 70 நிமிடத்தில் நீர் சுட்டது. ஆனால், கணக்கிலே நான் 40 கலன் நீரை எழுதினேனேயன்றி, அந்நீர் தாங்கியில் இருக்கிறதா என்று பார்த்தேனல்லேன்.

புறப்படும் நாளில் முதியவர் ஒரு மெலிந்த கம்பியைக் காட்டினார். பழைய தாங்கியிலிருந்து கழற்றியது. மக்னீசியக் கோலாகப் பிறந்து, தாங்கியின் இரும்பு அரியாதபடி தான் அரிபட்டு, எஞ்சியிருந்த கம்பி அது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்றியிருந்தால் இத்தாங்கி இன்னும் உழைத்திருக்கும் என்றார். அதனைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்று அது வகுப்பறையில் என் மேசைமேல் இருக்கிறது. விடையின் கீழ் இரண்டு கோடு இழுத்துவிட்டு நிமிரும் மாணவனிடம், "தாங்கியில் நீர் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள், சிரித்தபடியே மீண்டும் ஒருமுறை கணக்கைப் பார்க்கிறார்கள்.