தாய்மொழியில் ஒரு மணி நேரம்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்துச் செல்வார்கள். அங்கே அம்மா இருப்பார், பாட்டி இருப்பார், பிள்ளை பெற்று வளர்த்த அக்கம்பக்கத்துப் பெண்கள் இருப்பார்கள். எது சூட்டு வலி, எது பிரசவ வலி, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் அந்தப் பெண் கேட்காமலே சொல்லித் தருவார்கள்.

மும்பையில் பிழைக்க வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இது கைகூடுவதில்லை. திருநெல்வேலிச் சீமைக்குப் போக ஒரு நாளுக்கு மேல் ரயில் பயணம். கணவனின் வேலை, மூத்த குழந்தையின் பள்ளிக்கூடம், ஊரில் உடல் தளர்ந்துவிட்ட தாய் என்று தடைகள் பல. ஆகவே தாராவியிலும், செம்பூரிலும், கோவண்டியிலும் பல பெண்கள் இங்கேயே பிள்ளை பெறுகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித் தர யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட விடைதான் பிரசவத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பு. அச்சம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது என்று இங்கிலாந்து நாட்டு டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீட் 1930-களில் எழுதினார். சோவியத் நாட்டில் கண்ட முறையை 1951-இல் பாரிஸ் நகருக்குக் கொண்டுவந்து, மூச்சுப் பயிற்சியைப் பரப்பினார் டாக்டர் லமாஸ். இன்று நம் பெருநகரங்களிலும் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன.

இவற்றால் தாய்மார்கள் அடையும் பயன் என்ன? முதல் பயன் அச்சம் தெளிவது. தன்னைப் போலவே பயந்துகொண்டிருக்கும் பத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதே பாதி மருந்து. வலி விட்டு விட்டு வரும், இடைவெளி குறையக் குறையப் பிரசவம் நெருங்குகிறது என்று அறிந்தவள், முதல் சுளீருக்கே ஓடிவந்து, "இன்னும் நேரமிருக்கிறது" என்று திருப்பி அனுப்பப்பட்டு அலைய மாட்டாள். கடும் தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை நேரமாகும் வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் என்று அறிந்தவள், விடியட்டும் என்று படுத்திருக்கவும் மாட்டாள்.

ஆனால் வகுப்புக்குப் போனால் கத்தி படாமல் பிள்ளை பிறக்கும் என்று யாரும் உறுதி சொல்லிவிட முடியாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் நூற்றுக்கு 21-க்கும் அதிகமான பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலமே நடந்தன. தனியார் ஆஸ்பத்திரிகளில் அது நூற்றுக்கு 47. பயிற்சி பெற்றும் அறுவைச் சிகிச்சை நேர்ந்துவிட்டால், "நான் தோற்றுவிட்டேன்" என்று குமையும் தாய்மார்கள் உண்டு. பிரசவம் பரீட்சை அல்ல. தாயும் சேயும் நலமாக வீடு திரும்புவதே வெற்றி. நல்ல வகுப்பு இதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. நூற்றுக்கு 88-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரிகளில் நடந்தன. 2014-16-இல் உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 130 ஆக இருந்த தாய்மார் மரணம், 2019-21-இல் 93 ஆகக் குறைந்தது. பெருமைப்பட வேண்டிய முன்னேற்றம் இது. எனினும் தாயை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்த நாம், உள்ளே நடக்கப்போவதற்கு அவளைத் தயார் செய்தோமா?

இங்கேதான் மொழி குறுக்கே நிற்கிறது. பிரசவ அறையில் "ஜோர் லாவ்" என்கிறார் நர்ஸ். முக்கச் சொல்கிறார் என்பது ஊரிலிருந்து வந்து ஓராண்டே ஆன பெண்ணுக்குப் புரிவதில்லை. "ஷ்வாஸ் க்யா" என்றால் மூச்சை இழுத்துவிடு என்று பொருள். அதுவும் புரியாமல் விழிக்கிறாள். குரல் உயர்கிறது, பயம் கூடுகிறது. இரவு பகலாக உழைக்கும் நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து மராத்திச் சொற்களை முன்கூட்டியே கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததுதான் குறை. தனியார் வகுப்புகளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கின்றன. கட்டணமும் மில் தொழிலாளிக்கும், கடைச் சிப்பந்திக்கும், குமாஸ்தாவுக்கும் எட்டுவதாக இல்லை.

வழி இல்லாமல் இல்லை. 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. அன்று பெண்கள் வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே ஒரு மணி நேர வகுப்பை நடத்தலாமே! அதற்காக இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மாநகராட்சிப் பிரசவ விடுதிகள் இதை ஏற்று நடத்த வேண்டும். தமிழர் மிகுந்த வட்டாரங்களில் தமிழ் தெரிந்த பெண்களை ஆரோக்கிய சேவிகைகளாக நியமிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வழக்கமாகப் பேசப்படும் சொற்களைத் தமிழிலும் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும்.

உரிமைகளையும் அங்கே எடுத்துச் சொல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, ரத்தம், உணவு அனைத்தும் இலவசம் என்பது 2011-இல் வந்த திட்டம். பிரசவ அறையில் துணைக்கு ஒருவரை அனுமதிக்கலாம் என்று 2016-இல் மத்திய அரசு அறிவித்தது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண் உடனிருக்கலாம். மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரும் இருக்கலாம். துணை இருந்தால் அறுவைச் சிகிச்சையின் தேவை குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்பதை 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளின் தொகுப்பு 2017-இல் உறுதி செய்தது. இதைக் கேட்டுப் பெறத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் திறக்கும் மண்டபத்தை மாதம் ஒருநாள் ஞாயிறு பிற்பகலில் கர்ப்பிணிகளுக்காகத் திறக்கட்டும். ஓய்வு பெற்ற தமிழ் நர்ஸுகள் இந்நகரில் இருக்கிறார்கள். அழைத்தால் மறுக்க மாட்டார்கள். பிள்ளை பெற்ற நான்கு தாய்மார்கள் தங்கள் அனுபவத்தை மனம் திறந்து பேசினாலே அது பெரிய பாடம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இது பெண்கள் சமாசாரம் என்று ஒதுங்கும் காலம் போய்விட்டது. தாய்வீடு தொலைவில் இருக்கும்போது, கணவன்தான் தாயாகவும் இருக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்குத் தந்தைமை விடுப்பாக 15 நாட்கள் உண்டு, தயங்காமல் எடுங்கள். மற்றவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையையாவது ஒதுக்கி மனைவியோடு வகுப்பில் உட்காருங்கள். பரிசோதனை அட்டை எங்கே, ரத்தப் பிரிவு என்ன, நள்ளிரவில் யாரை எழுப்புவது, 108-ஐ எப்போது அழைப்பது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊரைவிட்டு வந்தோம். உறவைவிட்டு வந்தோம். ஆனால் நம் வீட்டுப் பெண், பிள்ளை பெறும் வேளையில் மொழி புரியாமல் தனியே தவிக்க விடலாகாது. மாநகராட்சியும் தமிழ்ச் சங்கங்களும் அடுத்த மாதம் 9-ஆம் தேதியே இதைத் தொடங்கட்டும்!