நலமாயிருக்கும்போதே நம் மனத்தை அறிவோம்

நோயின் அறிகுறிகளை நாம் தடையின்றி அடுக்கிக் கூறுவோம். காய்ச்சல் கண்டவனுக்கு உடல் கொதிக்கும். சோகை பிடித்தவனுக்கு முகம் வெளுக்கும். நலத்தின் அறிகுறிகள் யாவை என்று வினவினாலோ சற்றே திகைக்கிறோம். அதிலும் மனத்தின் நலத்தைக் குறித்துக் கேட்டால், ‘பைத்தியம் இல்லை; ஆகவே நலமே’ என்று விடை பகர்வோரே பலர். இவ்விடை பிழையானது மட்டுமன்று, தீங்கு விளைவிப்பதுமாகும் என்பது என் கருத்து.

நோயின்மை மட்டும் சுகமாகாது. உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றும் செம்மையுற்ற நிலையே சுகம் என்று 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் அமைப்பு விதி வரையறுத்தது. 1958-ல் மாரீ யஹோடா என்னும் உளநூலறிஞர் மனநலத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தன்னைத்தான் அறிந்து ஏற்றல், வளர்ச்சியில் நாட்டம், உள்ளத்தின் ஒருமைப்பாடு, பிறர் கையை எதிர்பாராத தன்மை, உலகை உள்ளவாறு காணல், சூழ்நிலையைச் சமாளித்தல் என்னும் ஆறு இயல்புகளை அவர் எடுத்துரைத்தார்.

இவை உயர்ந்த இலட்சியங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இவ்வாறும் என்னிடம் நிறைவாக உள்ளனவா என்று ஆராயப் புகுந்தால், நம்முள் பெரும்பாலோர் நமக்கு நாமே குறை கண்டு வருந்தவே நேரிடும். அங்ஙனமாயின் எதை அளவுகோலாகக் கொள்வது?

மழைமானியைக் கையாண்டு பழகிய களப்பணியாளர்களுக்கு இதற்கு விடை தெரியும். நாள்தோறும் காலை 8-30 மணிக்கு மழையளவைக் குறிக்கிறோம். அதனை நெடுங்காலச் சராசரியோடு ஒப்பிட்டு, அச்சராசரிக்கு 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் இயல்பான மழை என்றே வானிலைத் துறையினர் கொள்கின்றனர். ஜைசால்மரின் மழையைச் சிரபுஞ்சியின் மழையோடு ஒப்பிட்டு எவரும் பஞ்சம் அறிவிப்பதில்லை. ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் இயல்பு உண்டு. அவ்வியல்பும் ஒரே புள்ளியன்று, ஓர் எல்லைக்குள் ஏறியிறங்குவது. மனமும் அத்தகையதே. இயல்பாகவே குறைவாகப் பேசுபவர் கலகலப்பானவரைப் பார்த்துத் தம்மை நோயாளி என்று கருத வேண்டியதில்லை. கலகலப்பானவர் பல நாள் வாய்மூடி இருப்பாராயின், அதுவே கவனிக்கத்தக்கது.

மனநலம் என்பது இடையறாத மகிழ்ச்சியன்று. வெள்ளத்தில் பயிர் அழிந்தபோது உழவனோடு சேர்ந்து வருந்தும் ஊழியரின் மனம் நலமானதே. வருந்தாத மனத்தைப் பற்றித்தான் ஐயுற வேண்டும். சினம் வந்தால் சிறிது பொழுதில் தணிகிறதா? துக்கம் நேர்ந்தாலும் நாளடைவில் அன்றாடக் கடமைகள் கைக்கு வருகின்றனவா? வகுப்பில் மாணவன் தவற்றைச் சுட்டிக் காட்டினால், ‘ஆம், நான் பிழை செய்தேன்’ என்று கூற முடிகிறதா? உதவி வேண்டியபோது நாணாமல் கேட்க முடிகிறதா? உறங்கி எழுந்தால் களைப்பு நீங்குகிறதா? இவற்றிற்கு ‘ஆம், பெரும்பாலும்’ என்று விடை வருமாயின், அதுவே நலத்தின் அடையாளம்.

இவற்றை நலமாயிருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே யான் வற்புறுத்த விரும்புவது. காய்ச்சலை அளக்கும் கருவி உடலுக்குப் புறத்தே இருக்கிறது. மனத்தை அளக்கும் கருவியோ மனமேதான். மனச்சோர்வு பற்றும்போது அக்கருவியும் உடன் பழுதுறுகிறது. ‘நான் எப்போதும் இப்படித்தான் இருந்தேன்’ என்று அது பொய்ச் சான்று கூறும். அப்போது நமது பழைய குறிப்பே மெய்ச் சான்றாகும்.

இதற்கு 1998-ல் வெளிவந்த ஐந்து வினாக்கள் கொண்ட எளிய அளவை ஒன்று உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் உள்ளக் களிப்பு, அமைதி, சுறுசுறுப்பு, உறங்கி எழுந்தபின் புத்துணர்வு, அன்றாட வாழ்வில் ஈடுபாடு ஆகியவை எவ்வளவு காலம் இருந்தன என்பதற்கு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, கூட்டுத்தொகையை 4-ஆல் பெருக்க வேண்டும். வரும் எண் 50-க்குக் கீழே இருப்பின் வைத்தியரைக் கலந்துகொள்வது நன்று. இது நோயைத் தீர்மானிப்பதன்று. எச்சரிக்கை மணி மட்டுமே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. இக்குறிப்பு ஊழியரின் சொந்த உடைமை. மேலதிகாரி பார்த்து மதிப்பெண் இடுவதற்குரியதன்று. மேலும், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சுமக்கும் பள்ளியில் அவர் மனம் சோர்வுற்றால், சுமையைக் குறைப்பதே முதல் மருந்து. மனத்தை அடக்கும்படி அவருக்கு உபதேசம் செய்வது மருந்தாகாது.

நம் நாட்டில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வில், நோயின் வகைக்கேற்ப, மனநோயுற்றோருள் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்தமை தெரியவந்தது. வெட்கமும் அறியாமையும் இதற்குரிய காரணங்களுள் அடங்கும். அரசாங்க மருத்துவ நிலையங்களில் மனநல சிகிச்சை பெறுவது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி நமது உரிமை. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

குழந்தை ஒருநாள் வாட்டமாக இருந்தால் ஆசிரியர் உடனே கண்டுகொள்கிறார். இலை சிறிது மஞ்சளித்தால் களப்பணியாளர் குனிந்து பார்க்கிறார். பிறர்பால் செலுத்தும் இக்கூர்ந்த பார்வையில் ஒரு சிறு பங்கைத் தம்பாலும் செலுத்துவது தன்னலமாகாது. தம் மனத்தின் இயல்பை அறிந்தவரே, பிறர் மனம் இயல்பு திரிவதையும் காலத்தில் கண்டு கைகொடுக்க வல்லவர்.