கத்துக்கிட்டதை வச்சு கரண்ட் பில் கட்ட முடியுமா?

போன மாசம் ஆஃபர் லெட்டர் வந்தது. வருஷத்துக்கு மூன்றரை லட்சம். ரெண்டு வருஷ பாண்ட். நடுவில் கிளம்பினால் ஒன்றரை லட்சம் கட்டவேண்டும். வீட்டில் கேசரி கிண்டினார்கள். நான் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேனாம், மாமா ஆரம்பித்துவிட்டார். "மாப்ள, முதல் வேலைல சம்பளத்தைப் பாக்காத. கத்துக்கோ. பணம் தன்னால பின்னாடி வரும்."

இதே வசனத்தை பிளேஸ்மென்ட் சாரும் சொன்னார். எங்கள் காலேஜுக்கு வந்து ரெண்டு மணி நேரம் மைக் பிடித்த தன்னம்பிக்கைப் பேச்சாளரும் சொன்னார். (அவர் பேசினதற்குக் காசுதான் வாங்கிக்கொண்டு போனார், அனுபவத்தை இல்லை.)

சரி, கணக்குப் போடுவோம். மாமா பையன் 2010இல் ஐடி வேலையில் சேர்ந்தபோது சம்பளம் வருஷத்துக்கு மூன்றேகால் லட்சம். அப்போது ஒரு பவுன் சுமாராக 14,000 ரூபாய். அதாவது ஒரு வருஷ சம்பளம் 23 பவுன். 2025 அக்டோபரில் பவுன் 90,000த்தைத் தாண்டியது. என் மூன்றரை லட்சத்துக்கு நாலு பவுன் கூட முழுசாக வராது. தங்கத்தை வைத்து அளப்பது அநியாயம் என்பீர்கள். விடுங்கள், அரிசி பருப்பு வாடகை எல்லாம் சேர்த்த விலைவாசியே 2010இலிருந்து ரெண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஃப்ரெஷர் சம்பளம் மட்டும் பரனூர் ஸ்டேஷன் மாதிரி அங்கேயே நிற்கிறது. பின்னாடி வரும் என்ற பணம் பதினைந்து வருஷமாக எந்த ஸ்டேஷனில் நிற்கிறதாம்?

2024 ஆகஸ்ட் நினைவிருக்கிறதா? காக்னிசன்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுக்கிறது என்று ஊரே கிண்டலடித்தது. அது மூணு வருஷ டிகிரிக்காரர்களுக்கு, இன்ஜினியர்களுக்கு 4 லட்சத்திலிருந்து ஆரம்பம் என்று கம்பெனி விளக்கியது. கூடவே, முதல் வருஷம் ஒவ்வொருத்தருக்கும் பயிற்சிக்கே 2 முதல் 3 லட்சம் செலவு செய்கிறோம் என்றும் சொன்னது. என் சண்டை அந்த ஒரு கம்பெனியோடு இல்லை, இந்தத் தர்க்கத்தோடு. சம்பளம் கம்மியாக இருக்கிறதே என்றால், "பயிற்சி தர்றோமே, அதுதான் உன் சம்பளம்" என்கிறார்கள். ரெண்டு வருஷத்துக்குள் கிளம்பினால், "உன் பயிற்சிக்குச் செலவு பண்ணிட்டோம், எடு ஒன்றரை லட்சத்தை" என்கிறார்கள். அந்தப் பயிற்சி எனக்குக் கொடுத்த கூலியா, நான் வாங்கிய கடனா? கூலி என்றால் திருப்பிக் கேட்கக் கூடாது. கடன் என்றால் கூலியைத் தனியாகக் கொடுங்கள். ஒரே லட்டை ரெண்டு தடவை விற்கிறார்களே, யாரும் கேட்க மாட்டீர்களா?

பாண்ட் செல்லாது என்று ஆறுதல் சொல்கிற நண்பர்களுக்கு: 2025 மே மாதம் விஜயா பேங்க் வழக்கில், மூணு வருஷத்துக்குள் போனால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அங்கே கட்டியவர் சீனியர் மேனேஜர். நான் ஃப்ரெஷர்.

பயிற்சி என்றால் என்ன என்று தெரியாமல் பேசவில்லை. என்கூட ஸ்கூலில் படித்தவன் ஒருத்தன் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படிக்கிறான். 1957இல் ஆரம்பித்த அரசுக் கல்லூரி. கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த இடம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து அவனைப் பார்க்கப் போனேன். உத்தம தசதாளம் என்றால் சிலையின் உயரத்தை 124 பங்காகப் பிரிக்க வேண்டும், அதில் முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டினான். அவன் கற்றுக்கொண்டானா இல்லையா என்பதை எந்த ஊர் ஸ்தபதியும் அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். உளி அவன் கையோடு போகும். நான் ரெண்டு வருஷம் கழித்து வெளியே வந்தால் கையில் என்ன இருக்கும்? யாரோ ஒரு கிளையன்டின் பழைய மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்தினால் எந்த டிக்கெட் மூடும் என்ற ஞானம். அந்தக் கிளையன்ட் போனால் ஞானமும் போச்சு.

(எல்லாரும் கல் உடைக்கப் போங்கள் என்று சொல்லவில்லை. அந்தப் பட்டறைகளில் கிரைண்டர் தூசியை மூச்சில் வாங்குகிறார்கள், அது நுரையீரலைத் தின்கிற தூசி. அது தனிக் கதை.)

மாமா சொல்வதில் பாதி நிஜம். மச்சான் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் அவருக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு டீம் லீட் இருந்தாராம், அவரே சொல்வார். 23 பவுனும் வந்தது, பாடமும் கிடைத்தது. எனக்கு 23இல் மிச்சம் 4, பாடம் என்ன என்று ஒரு வரி எழுத்தில் கிடையாது.

"கம்பெனியை உன் குடும்பமா நினை" என்பது அடுத்த வசனம். மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப் போகிறோம் என்று அறிவித்தது, 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. கம்பெனிக்குக் கிளம்ப நேரம் வந்தால் கிளம்பிவிடும். அங்கே வேலை பார்த்தவர்கள் இழப்பீட்டுக்காக உட்கார்ந்து போராடினார்கள். அவர்களிடம் போய் "இத்தனை வருஷம் கத்துக்கிட்டீங்களே" என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனக்குக் கல்விக் கடன் இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷத்தில் தவணை ஆரம்பம். பேங்க் மேனேஜரிடம் போய் "சார், இந்த மாசம் நிறைய வளர்ந்தேன்" என்று சொல்ல முடியாது. அதனால் கையெழுத்து போடத்தான் போகிறேன், வீரம் எல்லாம் இங்கே எழுதுவதோடு சரி. ஆனால் ஒரு வேலை செய்தேன். ரெண்டு வருஷத்தில் என்ன என்ன சொல்லித் தருவீர்கள், யார் சொல்லித் தருவார்கள், அந்த ஒன்றரை லட்சம் எப்படிக் கணக்கு, மூன்றையும் எழுதிக் கொடுங்கள் என்று எச்.ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டேன். பதினோரு நாள் ஆச்சு. நேற்று பதில் வந்தது. சேரும்போது ஒரிஜினல் மார்க்ஷீட்டை மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.